உட்காரத் தெரியாத வாடிக்கையாளர்

எனக்கு உட்காரத் தெரியாது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு இதை எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிற்கத் தெரியும். நடக்கத் தெரியும். நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் தோளில் சாயாமல் கண்ணை மூடி இளைப்பாறக்கூடத் தெரியும். ஆனால் என்னைவிடப் பெரிய மனிதர் ஒருவர் எதிரே நின்றுகொண்டிருக்கும்போது, நான் மட்டும் நாற்காலியில் உட்காருவது என்பது இந்தப் பிறவியில் எனக்கு வராத வித்தை. பெரிய மனிதர் என்றால் வயதில் பெரியவர் என்று இல்லை. படித்தவர், கோட்டு போட்டவர், கண்ணாடி போட்டவர், யாராக இருந்தாலும் சரி. அவர் நின்றால் என் முட்டி மடங்காது.

(மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னது வேறு. அது மடக்கினால் வலிக்கும். இது மடங்கவே மடங்காது.)

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்ததோடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு பினாங்கு டவுனில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைத் திறந்து உள்ளே விடும் வேலை. அங்கே நாற்காலிகள் எல்லாம் நோயாளிகளுக்கு. டாக்டருக்குச் சுழல் நாற்காலி. மருந்து கொடுக்கும் அம்மாவுக்கு உயரமான ஸ்டூல். எனக்குச் சுவர். யாரும் என்னை உட்காராதே என்று சொன்னதில்லை. டாக்டர் நல்லவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "உக்காரேம்மா" என்றார். "பரவால்லீங்க டாக்டர்" என்றேன். அந்த ஒரு பரவாயில்லை நான் ஓய்வு பெறும்வரைக்கும் ஓடியது.

இப்படிப்பட்ட என்னைத்தான் என் தம்பி மகள் யாழினி, ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் மேடை ஏற்றி உட்காரச் சொன்னாள்.

யாழினியின் வீடு புக்கிட் மெர்தாஜாமில். அங்கே என் தம்பி சேகருக்கு டயர் கடை. இவள் பினாங்கில் வணிக நிர்வாகம் படிக்கும் கல்லூரியில் சேர்ந்ததால், ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டில் தங்கியிருந்தாள். அந்தக் கல்லூரியில் வருடா வருடம் ஒரு திருவிழா நடத்துவார்கள். சாமி கிடையாது, மற்றபடி திருவிழாதான். வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகளெல்லாம் கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். விளம்பரம் செய்யும் போட்டி, கம்பெனி மூழ்கப் போகிறது என்று வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றும் போட்டி, சிறந்த மேனேஜர் யார் என்ற போட்டி. (சம்பளம் வாங்காத மேனேஜர்கள். அதனால் எல்லோரும் சுறுசுறுப்பாக இருந்தார்கள்.)

அதில் யாழினி சேர்ந்தது புதுப் பொருள் போட்டியில். ஒரு பொருளைத் தாங்களே யோசித்துச் செய்ய வேண்டும். அதை மேடையில் விற்றுக் காட்ட வேண்டும். அதோடு, மாணவராக இல்லாத ஒரு நிஜ வாடிக்கையாளரைக் கூட்டி வந்து, நடுவர்கள் முன்னால் அந்தப் பொருளைப் பயன்படுத்தச் செய்ய வேண்டும். பாதி மதிப்பெண் அந்த வாடிக்கையாளர் கையில்.

இவர்கள் செய்தது ஒரு கைத்தடி. பார்க்கச் சாதாரணத் தடிபோல இருக்கும். தலைப்பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கீழே மூன்று கால் விரியும், மேலே தாமரை இலைபோல ஒரு சின்ன இருக்கை திறக்கும். வயதானவர்கள் பஸ் நிறுத்தத்தில், பாசார் சந்தையில், கோயில் வரிசையில் எங்கே வேண்டுமானாலும் விரித்து உட்காரலாம். அவளோடு சேர்ந்து செய்தவன் கெவின் என்ற பையன். பட்டர்வொர்த்தில் அவன் மாமா இரும்பு வேலை செய்பவர். அவர் பட்டறையில்தான் ஒரே ஒரு மாதிரியைச் செய்துகொண்டு வந்தார்கள். அதற்கு அவன் வைத்த பெயர் 'குந்து'.

"ஒரே வார்த்தைல இருக்கணும் ஆண்ட்டி. அப்பத்தான் உலகம் பூரா போகும்" என்றான்.

"உலகம் பூரா போனா அவங்களுக்குப் புரியுமாப்பா?"

"பேரு புரியலன்னாத்தான் வெல கூட வைக்கலாம்" என்றாள் யாழினி. படிப்பு வேலை செய்துகொண்டிருந்தது.

முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். நான்கு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேடையாவது, விளக்காவது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு பெரிய காரியம் இருந்தது. படிப்பில் கடைசியாக ஏதாவது கம்பெனியில் சில மாதம் பயிற்சி செய்ய வேண்டுமாம். அன்றைக்கு நடுவராக வரும், டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் பெரிய கம்பெனி வைத்திருந்தார். ஜெயிக்கும் குழுவுக்கு அவர் கம்பெனியிலேயே பயிற்சிக்கு இடம். யாழினி ஏற்கெனவே எங்கெங்கோ கேட்டு, எங்கும் கிடைக்காமல் ஓய்ந்து போயிருந்தாள். சேகரோ போன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டு.

"எதுக்குடி ஊர் ஊரா அலையற? நம்ம கடையிலேயே வந்து கல்லாவுல குந்து. அதுவும் பிசினஸ்தானே?"

அந்தக் கடையை நினைத்தாலே அவளுக்கு முகம் வாடிவிடும். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்தில் 'டயர்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அத்தை, நீங்க ஒண்ணும் பேச வேணாம். ஒரு வார்த்தைகூட வேணாம். நடந்து வந்து குந்துனா போதும். அவ்ளோதான்லா" என்றாள்.

உட்காருவதுதானே? சரி என்றேன். நான் என்னைப் பற்றி அவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருந்தேன்.

வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். கெவின் என் குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டத்தோவாக நடித்தான். தொப்பை தெரிய வேண்டும் என்று சட்டைக்குள் தலையணையும் வைத்துக்கொண்டான். நான் சிரித்துக்கொண்டே போய்க் குந்தின்மேல் உட்கார்ந்தேன். நன்றாகத் தாங்கியது.

"பாத்தியா? ஆண்ட்டி வெயிட்டுக்குன்னே மாமா அளவு பாத்து அடிச்சது" என்றான் கெவின் பெருமையாக.

"நீ குந்திப் பாரேம்பா."

"வேணாம் ஆண்ட்டி. இது வெறும் மாதிரிதானே. உங்க சைஸுக்கு மட்டும்தான்."

துண்டு போட்ட கெவின் முன்னால் எனக்கு முட்டி மடங்கியது. நிஜ டத்தோ முன்னால் மடங்குமா என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில் இரண்டு பேர் நிர்வாகம் படிக்கிறவர்கள்.

விழா நாளன்று, காலையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். எங்கள் முறை மத்தியானத்துக்கு மேல்தான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மண்டபத்தில் நாற்காலி பிடித்து என்னை உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அவர்கள் தலை மறைவதற்குள் ஒரு விரிவுரையாளர் வந்து பக்கத்தில் நின்றார். கையில் கோப்பு, மூக்கில் கண்ணாடி. எழுந்துவிட்டேன்.

"நோ நோ ஆண்ட்டி, யூ சிட்" என்றார் அவர்.

நான் அதற்குள் சுவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

அதன் பிறகு நடைபாதையில் ஒரு பெஞ்சு கிடைத்தது. அங்கே ஒரு கர்ப்பிணி ஆசிரியை வந்தார். இது நியாயம்தான், யாராக இருந்தாலும் எழுந்திருப்பார்கள். ஆனால் அவர் போன பிறகு ஒரு சீனக் காவலாளி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவருக்கும் கொடுத்தேன். அவர் சுகமாக உட்கார்ந்து தூங்கிப்போனார். சாப்பாட்டுக்கு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பொட்டலமாகக் கொடுத்தார்கள். அதை ஒரு தூண் ஓரமாக நின்று சாப்பிட்டேன். இடது கையில் பொட்டலம், வலது கையில் சாப்பாடு, தண்ணீர் புட்டி அக்குளில். யாழினி நடுவில் ஓடி வந்தாள்.

"ஏன் அத்தை நிக்கிறீங்க? நாற்காலி குடுத்தேன்ல?"

"சும்மாத்தான் எந்திரிச்சேன்மா. கால் மரத்துப் போச்சு."

மரத்துப் போகவில்லை. வெந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஆவதற்குள் பாதம் இரண்டும் பணியாரம்போல உப்பிச் செருப்பு வாரைத் தாண்டி வழிந்தது. போட்டி, பரிசு, டத்தோ எல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. அந்தக் குந்து ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது. எனக்கென்றே அளவு பார்த்து அடித்தது. வேறு யாருக்கும் கொடுக்க முடியாதது. மேடைக்குப் போவேன், உட்காருவேன், யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்கமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு சபதம் செய்தேன். வாழ்க்கையில் வேறெதற்கும் நான் அவ்வளவு உறுதியாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

எங்கள் முறை வந்தது. மேடைக்கு எதிரே மேசை போட்டு மூன்று நடுவர்கள். ஓரத்தில் யாரோ ஒரு பேராசிரியர். நடுவில் டத்தோ, தமிழர், நல்ல ஆகிருதி. கெவின் வைத்த தலையணை ரொம்பச் சிறியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. மறு ஓரத்தில் ஒரு சீன அம்மையார், குட்டை முடி, கையில் பேனா. அந்தப் பேனா சும்மாவே இருக்கவில்லை.

யாழினி பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை, எல்லாம் ஆங்கிலம். ஆனால் எப்படிப் பேசினாள் தெரியுமா! ஒரு இடத்தில் தைப்பூசம் என்று சொன்னது காதில் விழுந்தது. பின்னால் இருந்த பெரிய திரையில் தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டின் படம் வந்தது. மண்டபம் அமைதியாகக் கேட்டது. டத்தோ தலையை ஆட்டினார். டயர் என்று கூப்பிட்ட பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

பிறகு கெவின் தடியை உயரத் தூக்கிக் காட்டி, பொத்தானை அழுத்தினான். டக்கென்று கால் விரிந்தது, இலை திறந்தது. கைதட்டல். யாழினி என் பக்கம் கை நீட்டினாள். திரையில் தடி போய் என் முகம் வந்தது, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு.

நடந்தேன். குந்து கிட்டே போனேன். திரும்பினேன். புடவையைச் சரிசெய்துகொண்டு முட்டியை மடக்கினேன். பாதி தூரம் இறங்கியும்விட்டேன்.

அப்போது டத்தோ எழுந்தார்.

கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை போலிருக்கிறது. படியேறி மேடைக்கே வந்தார். எனக்கு நேர் எதிரே நின்று, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம்மா" என்றார்.

என் முட்டி தானாக நிமிர்ந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக. லிஃப்ட் மேலே போவதுபோல உடம்பு மேலே போயிற்று.

"உக்காருங்கம்மா" என்றார் டத்தோ.

"பரவால்லீங்க ஐயா."

"அட, உக்காருங்கம்மா. உங்களுக்காகத்தானே செஞ்சிருக்காங்க."

"நீங்க நிக்கிறீங்களே ஐயா. நீங்க உக்காருங்க."

"நான் எப்படிம்மா உக்கார்றது? நீங்க வயசுல பெரியவங்க."

"வயசு கெடக்குதுங்க ஐயா. நீங்க உக்காருங்க."

அந்த மனிதரும் என் மாதிரியே வளர்க்கப்பட்டவர் என்பதுதான் அன்றைய துரதிர்ஷ்டம். வேறு ஒருவராக இருந்தால் சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பிப் போயிருப்பார், நானும் உட்கார்ந்திருப்பேன். இவர் நகரவில்லை. பெரியவர் நிற்கும்போது முதுகைக் காட்டித் திரும்பக்கூடாது என்று அவர் வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, ஒரு குந்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர், இருவரும் கையை நீட்டி, நீங்க, நீங்க, நீங்க என்று. கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி இலைக்கு நடப்பதுபோல நடந்தது. மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது.

"அத்தை, குந்துங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள் யாழினி. அவள் சட்டையில் மைக் மாட்டியிருந்தார்கள். அந்தக் கிசுகிசு மண்டபத்தின் கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. இப்போது தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

சீன அம்மையார் சிரிக்கவில்லை. அவர் வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் பொருளைப் பார்க்கிறார், பின்வாங்குகிறார், வேறு ஒருவர் தலையில் கட்டப் பார்க்கிறார். அவருக்கு அப்படித்தானே தெரியும்? பேனாவை வாயருகே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து மலாய் மொழியில் கேட்டார்.

"மாச்சிக், தாக்குட் கா?"

பயமாக இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு அது தெரிகிறது. ஆனால் பயந்தபோதெல்லாம் என் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான். எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியில் வரும்.

"தாக் அப்பா" என்றேன். பரவாயில்லை.

அம்மையார் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். நீளமாக எழுதினார்.

நேரம் முடியப் போகிறது என்று ஒரு மணி அடித்தது. யாழினியின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. இப்போது உட்கார்ந்துவிடு, உட்கார்ந்துவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு உட்கார்ந்துவிட்டது. கால் மட்டும் கிளினிக்கில் நின்றுகொண்டிருந்தது.

டத்தோவுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சரிம்மா, புள்ளைங்களுக்கு மார்க்கு போயிரும். இப்ப என்ன, நான் குந்துனா நீங்க குந்துவீங்கதானே? அப்ப நான் மொதல்ல குந்துறேன், பெறகு நீங்க."

"ஆங், குந்துங்க ஐயா" என்றேன், பெரிய நிம்மதியோடு. அந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது.

"டத்தோ, நோ! டத்தோ, அது ஆண்ட்டி சைஸ்..." என்று கெவின் பாய்ந்தான்.

டத்தோ உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், கெவின் மாமாவின் வேலைக்கு அது மரியாதை. டத்தோ என்னைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். பிறகு எங்கிருந்தோ க்ரீச் என்று ஒரு சத்தம். மூன்று காலில் ஒன்று மெதுவாக வெளியே நடக்க ஆரம்பித்தது. அவர் திடுமென்று விழவில்லை. தேர் சாய்வதுபோல, ஒரு பக்கமாக, நிதானமாக, எல்லோரும் பார்க்க நேரம் கொடுத்துச் சாய்ந்தார். கெவின் தாங்கிப் பிடிக்கப் போனான். அவன் கைக்கு டத்தோவின் டை மட்டும் கிடைத்தது. அதைப் பிடித்ததில் அவருக்கு மூச்சு முட்டியதே தவிர வேறு உதவி இல்லை.

தரையில் விழுந்த டத்தோ அப்படியே சம்மணம் போட்டதுபோல உட்கார்ந்திருந்தார்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலைக்கு மேலே நான் நெட்டையாக நின்றுகொண்டிருக்கிறேன். இது எந்த விதத்தில் மரியாதை?

நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முட்டி மடங்கியது. எந்தத் தகராறும் செய்யவில்லை. காலையிலிருந்து எங்கே போயிருந்ததோ அந்த மடங்கல், அப்போது வெண்ணெய்போல வந்தது. டத்தோ பக்கத்தில் அடக்கமாகக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் இருவர் தலைக்கும் மேலே பெரிய திரையில், கெவின் எழுதிய கடைசி வாசகம் கொட்டை எழுத்தில் வந்து நின்றது: 'குந்து. நம்பி உட்காருங்கள்.'

"அடி பட்டுச்சுங்களா ஐயா?" என்றேன்.

"இல்லம்மா. நீங்க ஏன் கீழ உக்காந்தீங்க?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவர் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. கோபமோ என்று பயந்தேன். சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. நேரம் முடிந்த மணி அடித்தது, யாரும் எங்களை எழுப்பவில்லை, எப்படி எழுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை. காலையிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுகமாக இருந்தது. ஒரு பெண்ணின் எதிர்காலம் பக்கத்தில் மூன்று துண்டாகக் கிடக்க, எனக்கு அங்கேயே சாய்ந்து ஒரு தூக்கம் போட வேண்டும் போலிருந்தது.

ஜெயித்தது தலைக்கு எண்ணெய் செய்துகொண்டு வந்த குழு. அவர்களுடைய வாடிக்கையாளர் மேடையிலேயே தலையில் தேய்த்துக்கொண்டு ஆஹா என்றார். டத்தோ எங்களிடம் வந்து, "யோசனை நல்ல யோசனைம்மா. காலைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். பயிற்சி இடத்தை அந்த எண்ணெய்க்காரர்களுக்குத்தான் கொடுத்தார். அதுதான் நியாயம்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். ஓர் இருக்கை காலியாக இருந்தது. யாழினி குந்துத் துண்டுகளைப் பையில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க அத்தை" என்றாள். குரலே இல்லை.

"நீ உக்காரும்மா. காலையில இருந்து அலைஞ்சிருக்க."

வாயை மூடுவதற்குள் தெரிந்துவிட்டது, என்ன சொல்லிவிட்டேன் என்று. அவள் என்னைப் பார்த்தாள்.

"போன தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில நீங்க படியில ஓரமா நின்னுகிட்டே இருந்தீங்க. எல்லாரும் உக்காந்தாங்க, நீங்க மட்டும் உக்காரல. அதப் பாத்துட்டுத்தான் அத்தை இத செஞ்சேன். உங்களுக்குன்னுதான். மேடையில அதத்தான் சொன்னேன்."

பரவாயில்லை என்று வந்த வார்த்தையை விழுங்கினேன். உட்கார்ந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள், என்ன நினைத்தாளோ, கெவின் கைக்கு டை கிடைத்த கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் யாரோ எடுத்த படம் புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. சேகர்.

"என்னக்கா, டத்தோகூட நல்லா உக்காந்து பேசினியா?"

யாழினி தன் அப்பாவின் டயர் கடைக்கே பயிற்சிக்குப் போனாள். அது அவளுக்கு நல்லதாகவே முடிந்தது என்று எழுத எனக்கு ஆசை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரப்பர் வாடை முடியில் ஏறிவிட்டது என்று தினமும் திட்டினாள். படிப்பை முடித்துவிட்டு வேறு ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். வேலை சுமார், மேலாளர் சுமாருக்கும் கீழே. வேலையில் சலிப்பு வரும்போதெல்லாம் எனக்குப் போன் செய்து, "அத்தை, அன்னிக்கு நீங்க மட்டும் குந்தியிருந்தா" என்று ஆரம்பிப்பாள். நான் பேசாமல் கேட்டுக்கொள்வேன்.

குந்தையும் சேகர் விடவில்லை. கடையில் லோரி வேலை செய்பவரை விட்டுப் பழுது பார்த்தான். அவர் பழைய கால்களை எடுத்துவிட்டு லோரி இரும்பில் மூன்று கால் வைத்துப் பற்றவைத்தார். இப்போது அதன்மேல் டத்தோ குடும்பத்தோடு உட்காரலாம். ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்தக் கைத்தடி கடை வாசலைவிட்டு ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை.

மற்றபடி எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. என் எதிரே யாரும் நின்றால்தானே நான் உட்கார மாட்டேன்? அதனால் நான் வாசலில் கால் வைத்ததும் யாராவது ஒருவர், "அத்தை வந்துட்டாங்க, எல்லாரும் குந்துங்க!" என்று கத்துவார். உடனே வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் ஓடிப்போய்க் கிடைத்ததில் உட்கார்ந்துகொள்வார்கள். யாழினியின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தேன். சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா, கையில் வைத்திருந்த சாம்பார் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்தார். மாப்பிள்ளை உட்கார்ந்தான். ஐயரும் காரணம் தெரியாமல் உட்கார்ந்தார். கெவின் கேமராவோடு உட்கார்ந்தான். கூடம் முழுக்க எல்லோரும் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு, நான் உட்காருவதற்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுற்றிப் பார்த்தேன். எனக்கு நாற்காலி மிச்சம் இல்லை.

"பரவால்லங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.